எஃப்/10 தொலைநோக்கியில் ஃபிலிம்: எத்தனை நொடி, எத்தனை நிமிடம்?

மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு பழைய ஃபிலிம் கேமராவை மாட்டி நிற்பவர்கள் இப்போது அதிகம் இல்லை. ஆனால் நிற்கிற எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அடிக்கடி வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என்னிடம் இருப்பது எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் (ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் குட்டைக் குழாய்த் தொலைநோக்கி): விட்டம் 203 மி.மீ., குவிய நீளம் 2032 மி.மீ., அதாவது எஃப்/10. கணக்குகள் எல்லாம் அதை வைத்தே. உங்களுடையது எஃப்/13 மாக்சுடோவ் என்றாலும் எஃப்/15 லென்ஸ் தொலைநோக்கி என்றாலும் முறை ஒன்றுதான், எண்தான் மாறும்.

'ஸ்லோ' தொலைநோக்கி என்று எதைச் சொல்கிறார்கள்?

குவிய நீளத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். அது 10, அதற்கு மேல் என்றால் ஃபிலிம்காரர்கள் 'ஸ்லோ' என்பார்கள். வந்து சேரும் ஒளி ஃபிலிமில் அகலமான பரப்பில் விரிகிறது, அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற பங்கு குறைகிறது. எஃப்/5இல் ஒரு நிமிடம் பிடிப்பது எஃப்/10இல் நாலு நிமிடம் பிடிக்கும். எஃப் எண் இரண்டு மடங்கானால் நேரம் அதன் வர்க்கமாக ஏறுகிறது. ஃபிலிமில் அந்த நாலும் நாலாக நிற்காது. அதைக் கீழே சொல்கிறேன்.

விட்டம் பெரிதாக இருந்தால் நேரம் குறையும் அல்லவா?

நிலா, கிரகம், நெபுலா (வானத்து வாயு மேகம்) மாதிரி பரப்புள்ள பொருட்களுக்குக் குறையாது. நாலு அங்குல எஃப்/10க்கும் பதினாறு அங்குல எஃப்/10க்கும் நிலா எக்ஸ்போஷர், அதாவது ஒளியைப் பதியவிடும் நேரம், ஒன்றே. பெரியதில் படம் பெரிதாக விழும், அவ்வளவுதான். நட்சத்திரம் வேறு கதை. அது புள்ளி என்பதால் அங்கே விட்டம்தான் பேசும். காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி காசெக்ரெய்ன் குவியத்தில் எஃப்/13. நம் கணக்குப்படி அதுவும் 'ஸ்லோ'தான்!

நிலாவுக்கு எவ்வளவு வைப்பது?

இங்கே மட்டும் கணக்கை முழுசாக நம்பலாம். எஃப் எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். ஃபிலிமின் ஐஎஸ்ஓவை (ஒளி அதில் எவ்வளவு வேகமாகப் பதியும் என்று சொல்லும் எண்), பொருளின் 'ஒளி எண்'ணால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது நொடி.

நான் வைத்திருக்கும் ஒளி எண்கள்: பௌர்ணமிக்கு 125, தசமி, ஏகாதசி வாக்கில் 60, அஷ்டமிக்கு 25, மூன்றாம் பிறைக்கு 10. பௌர்ணமி எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. பௌர்ணமி நிலாவை எஃப்/11இல் வைத்து, ஐஎஸ்ஓ எண்ணின் கீழ் ஒன்று என ஷட்டர் வேகம் வை என்று புகைப்படக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் விதியிலிருந்து வருவது.

எஃப்/10, ஐஎஸ்ஓ 100, பௌர்ணமி: 100ஐ 12,500ஆல் வகுத்தால் 1/125 நொடி. அதே ஃபிலிமில் அஷ்டமிக்கு 1/25, அதாவது ஷட்டரில் 1/30. அரை நிலாதானே, நேரம் இரட்டித்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. அஷ்டமியன்று வெயில் நிலாவின் மேல் பக்கவாட்டில் விழுகிறது, ஒவ்வொரு பள்ளமும் நிழல் போடுகிறது, ஒளிரும் பாதியே பௌர்ணமியின் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில்தான் இருக்கும். இருள் விளிம்பை ஒட்டிய பள்ளங்கள் இன்னும் மங்கல். அந்தப் பள்ளங்கள்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் கணக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். மறுபக்க விளிம்பு வெளுத்துப் போவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்கில் எது வந்தாலும் அதில் பாதி, அது, அதன் இரட்டிப்பு என மூன்று ஃப்ரேம். கால் ஸ்டாப், அரை ஸ்டாப் என்று நுணுக்கிக்கொண்டிருப்பது வீண் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது, அல்லது பாதியாவது). கண்ணாடிகளும் நடுவில் இருக்கும் துணை ஆடியின் மறைப்பும் சேர்ந்தே கிட்டத்தட்ட அரை ஸ்டாப்பைத் தின்றுவிடும். நிலா அடிவானத்தை ஒட்டி இருந்தால் தூசி இன்னொரு ஸ்டாப் தின்னும்.

மூன்றாம் பிறையில் இருட்டுப் பக்கம் சாம்பலாகத் தெரியுமே, அதை எடுக்க?

பூமியிலிருந்து திரும்பிப் போகும் வெளிச்சம் அது. ஐஎஸ்ஓ 400இல் 10, 20, 40 நொடி என மூன்று முயற்சி செய்யுங்கள். ஒரு சிக்கல்: நிலா நட்சத்திரங்களை விட நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை பின்தங்குகிறது (விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). 20 நொடியில் அது 10 விகலை, 2032 மி.மீ. குவிய நீளத்தில் ஃபிலிமில் 0.1 மி.மீ. இழுவை, கண்ணுக்குத் தெரியும் கலங்கல். மோட்டாரில் நிலா வேகம் என்று தனி சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் 10 நொடியோடு நிறுத்திக்கொண்டு வேகமான ஃபிலிமுக்குப் போங்கள்.

கணக்கு சரி, ஃபோகஸும் சரி, ஆனாலும் படம் ஆடியிருக்கிறது. ஏன்?

எஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடி 'டப்' என்று மேலே அடிக்கும்போது தொலைநோக்கி முழுக்க அதிர்கிறது. 1/30 முதல் அரை நொடி வரைதான் மிக மோசம். அதைவிட வேகமென்றால் அதிர்வு படத்தில் பதிவதற்குள் ஷட்டர் மூடிவிடும். அதைவிட நீளமென்றால் அதிர்வு நேரம் மொத்தத்தில் சின்னப் பங்கு.

அதனால் எக்ஸ்போஷர் நேரத்தைத் தேர்வு செய்வதன் பாதி, இந்தப் பள்ளத்தில் விழாமல் ஃபிலிமைத் தேர்வு செய்வது. அஷ்டமி நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100 போட்டால் 1/30, நேராகப் பள்ளத்தில். ஐஎஸ்ஓ 400 போட்டால் 1/125, தப்பித்தோம். படத்தில் கொஞ்சம் துகள், அதாவது புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு, கூடும், பரவாயில்லை. ஆடின படத்தில் துகள் இல்லாமல் என்ன பயன்?

ஒலிம்பஸ் ஓஎம்-1 மாதிரி கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். நிக்கான் எஃப்எம்2இல் செல்ஃப் டைமரை அழுத்தினால் கண்ணாடி முதலிலேயே தூக்கிக்கொள்ளும், அதுவும் உதவும். ஒரு நொடிக்கு மேல் என்றால் நான் ஷட்டரையே நம்புவதில்லை. கறுப்புச் சார்ட் அட்டை ஒன்றைக் குழாய் வாயில் படாமல் பிடித்துக்கொள்வேன். 'பி'யில் (பொத்தானை விடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) ஷட்டரைத் திறந்து கேபிளைப் பூட்டிவிட்டு, மூன்று நொடி மூச்சைப் பிடித்து நின்று, அட்டையை விலக்கி, மனதுக்குள் எண்ணி, மறுபடி மூடுவேன். அதன் பிறகுதான் ஷட்டரை விடுவேன். முதல் மாதம் அட்டையால் குழாயை இடித்து இடித்தே ஒரு சுருள் போயிற்று.

மோட்டார் இல்லாத ஸ்டாண்டில் முடியுமா?

நிலாவுக்கு முடியும். வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. எஃப்/10 எட்டு அங்குலத்தில் ஃபிலிமில் அது நொடிக்கு 0.15 மி.மீ. 1/15 நொடிக்கு மேல் போனால் கூர்மை கெடும். 1/60க்குள் இருந்தால் மோட்டார் இருக்கிறதா இல்லையா என்று படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

வியாழன், சனிக்கு?

அதே வாய்பாடுதான். வியாழனுக்கு ஒளி எண் 20, சனிக்கு 6, செவ்வாய்க்கு 60. வியாழன் சூரியனிலிருந்து நம்மைப் போல 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது, எனவே அங்கே வெயில் 27இல் ஒரு பங்கு. ஆனால் நிலா கரிப்பாறை, வியாழன் வெள்ளை மேகம். வெயிலை நிலாவை விட நாலு மடங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் சேர்த்தால் பௌர்ணமி நிலாவின் ஆறில் ஒரு பங்கு. சனிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 6 வரும்.

ஆனால் எஃப்/10இல் நேராக எடுத்தால் வியாழன் ஃபிலிமில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வழியாகப் பெரிதாக்கி எஃப்/80 வாக்கில் கொண்டுபோனால் மூன்றரை மில்லிமீட்டர். அப்போது கணக்கு: 6400ஐ 400 பெருக்கல் 20ஆல் வகுத்தால் 0.8 நொடி. அட்டை வித்தைக்கு ஏற்ற நேரம். ஒன்று, இரண்டு, நாலு நொடி என எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு ஃப்ரேம், ஏனென்றால் காற்று எந்த நொடியில் அடங்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஐபீஸ் வைத்தபின் உண்மையான எஃப் எண் எவ்வளவு என்ற குழப்பம் வரும். தூரத்தை அளந்து வாய்பாடு போடுவதை விட, முதல் சுருளைக் கழுவி வந்தபின் நெகட்டிவிலேயே அளந்துவிடுங்கள். வியாழனின் படம் 3.5 மி.மீ., அன்றைக்கு அதன் கோண விட்டம் 45 விகலை என்று வையுங்கள். 3.5ஐ 206265ஆல் பெருக்கி 45ஆல் வகுத்தால் குவிய நீளம் சுமார் 16,000 மி.மீ. அதை 203ஆல் வகுத்தால் எஃப்/79.

கேமராவின் லைட் மீட்டர் காட்டுவதை எடுத்துக்கொள்ளலாமா?

பௌர்ணமி நிலா ஃப்ரேமில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் ஓரளவு. மற்றபடி கறுப்பு வானத்தைப் பார்த்து அது உளறும்.

நெபுலாவுக்கும் இதே கணக்கைப் போட்டேன், பத்து நிமிடம் என்று வந்தது. வைத்தேன், ஒன்றுமே விழவில்லையே?

விழாது. கணக்கின் மேல் தப்பில்லை, ஃபிலிமின் சுபாவம் அப்படி. ஒளி பாதியானால் நேரத்தை இரட்டித்தால் சரியாகிவிடும் என்பது பகல் வெளிச்சத்தில் உண்மை. மங்கலான ஒளியில் ஃபிலிம் சோம்பிவிடும். ஒரு வெள்ளி உப்புத் துகளில் படம் பதிய, ஒளித்துகள்கள் அடுத்தடுத்து வந்து விழ வேண்டும். ஒன்று விழுந்து அடுத்தது வருவதற்குள் முதலாவதின் தடம் அழிந்துவிட்டால், மறுபடி முதலிலிருந்து. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட், பின்னாளில் கருந்துளைக் கணக்கில் பெயர் வந்தவர், 1890களின் இறுதியில் வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்தில் நட்சத்திரங்களின் ஒளியைப் புகைப்படத் தகடுகளில் அளந்தபோது இதைத்தான் எண்ணாகப் பிடித்தார்.

இல்ஃபோர்ட் தன் ஃபிலிம்களுக்கு இதைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறது. கணக்கில் வந்த நொடியை ஒரு அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: எஃப்பி4 பிளஸுக்கு 1.26, எச்பி5 பிளஸுக்கு 1.31. போன் கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தான் இருக்கிறது. 10 நிமிடம், அதாவது 600 நொடி, எஃப்பி4இல் 53 நிமிடமாகிறது. எச்பி5இல் ஒரு மணி 13 நிமிடம்.

ஸ்லோ தொலைநோக்கிக்காரரின் தலைவலி இங்கேதான். எஃப்/5இலிருந்து எஃப்/10க்குப் போனால் நாலு மடங்கு என்று மேலே சொன்னேனே, எச்பி5இல் அந்த நாலு 1.31 அடுக்குக்கு ஏறி ஆறாகிறது. ஒளி குறையக் குறைய வட்டி ஏறுகிறது.

அப்படியானால் எந்த ஃபிலிம்? ஐஎஸ்ஓ அதிகமானது நல்லதா?

ஐஎஸ்ஓ என்பது பகலில் அளந்த எண். இரவில் அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. கொடாக் ட்ரை-எக்ஸ் 400ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 100 நொடி வந்தால் 1200 நொடி வைக்கச் சொல்கிறது கொடாக். அதே காட்சிக்கு ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் கணக்கு 400 நொடி. ஃபுஜி ப்ரோவியா 100எஃப் 128 நொடி வரை எந்தத் திருத்தமும் கேட்காத ஃபிலிம். 400 நொடிக்கு இரண்டு மடங்கு என்று தாராளமாகச் சேர்த்தாலும் 800தான். நாலில் ஒரு பங்கு வேகம் என்று பெட்டியில் போட்ட ஃபிலிம் முந்திக்கொள்கிறது.

ஃபுஜி ஆக்ரோஸும் நீண்ட நேரத்துக்குப் பேர்போனது. ஆனால் அதன் கண்ணுக்கு ஆழ்ந்த சிவப்பு தெரியாது. ஹைட்ரஜன் நெபுலாக்கள் ஒளிர்வதே 656 நானோமீட்டர் சிவப்பில். கோளக் கொத்து (பந்து போல நெருங்கிய நட்சத்திரக் கூட்டம்), கேலக்ஸிக்கு ஆக்ரோஸ் போடுங்கள், ரோசெட் நெபுலாவுக்கு வேண்டாம். பழைய ஆட்கள் கொடாக் டெக்னிக்கல் பேன் ஃபிலிமை நைட்ரஜன், ஹைட்ரஜன் கலவையில் சுட்டு வைத்துப் பயன்படுத்திய கதையைச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். அந்த ஃபிலிம் நின்று இருபது வருடமாகிறது.

எதிலிருந்து தொடங்குவது? எண் சொல்லுங்கள்.

சரி. எஃப்/10, ஐஎஸ்ஓ 400 வாக்கில், நல்ல இருட்டு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எம்13 மாதிரி கோளக் கொத்துக்கு 15, 30 நிமிடம் ('எம்' என்பது மெஸ்ஸியே பட்டியல் எண்). எம்57 மோதிர நெபுலா சின்னது, ஆனால் அடர்த்தியான வெளிச்சம். 10, 20 நிமிடம். எம்82, எம்104 மாதிரி கேலக்ஸிகளுக்கு 30 நிமிடம், ஒரு மணி. எம்33ஐ விட்டுவிடுங்கள், இந்தத் தொலைநோக்கிக்கு அது வராது. ஆண்ட்ரோமீடாவும் அப்படித்தான்: நம் ஃப்ரேம் வானத்தில் ஒரு பாகை அகலம், அது மூன்று பாகை.

ஓரியன் நெபுலாவுக்கு ஒரே நேரம் என்று ஒன்று கிடையாது. நடுவில் நாலு நட்சத்திரம் நெருங்கி நிற்கும் இடம் இரண்டு நிமிடத்தில் அழகாக வரும். சிறகு விரிய 30 நிமிடம் வேண்டும், அதற்குள் நடு வெந்து வெள்ளையாகிவிடும். 2, 8, 30 என்று மூன்று தனிப்படம் எடுத்து மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் 11 அங்குல லென்ஸ் தொலைநோக்கியில் இந்த நெபுலாவை முதன்முதலில் படம் பிடிக்க 51 நிமிடம் வைத்தார். நூற்றாண்டு கழித்தும் நாம் அதே நிமிடங்களில்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

கவனியுங்கள், எல்லாம் இரட்டிப்பு. 20 நிமிடத்துக்கும் 25 நிமிடத்துக்கும் நெகட்டிவில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஊரின் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் தாங்கும்?

இதற்கு எண் சொல்வதை விட நெகட்டிவைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது மேல். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் வெளிச்சம் படாத பட்டை இருக்கிறதல்லவா, அதையும் ஃப்ரேமுக்குள் இருக்கும் வானத்தையும் பக்கத்தில் வைத்து லூப்பில் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் நேரம் போதவில்லை, இன்னும் இரட்டிக்கலாம். வானம் பட்டையை விடக் கொஞ்சம் கறுத்து, ஃப்ரேமின் விளிம்பு கோடு போட்ட மாதிரி தெரிந்தால் சரியான இடம். நல்ல கறுப்பாக இருந்தால் வான வெளிச்சம்தான் பதிந்திருக்கிறது, பாதியாகக் குறையுங்கள்.

எஃப்/10க்கு இங்கே ஒரு ஆறுதல் உண்டு. நெபுலாவை மங்கலாக்கும் அதே விதி வான வெளிச்சத்தையும் மங்கலாக்குகிறது. நகரத்தில் எஃப்/4காரர் சில நிமிடங்களில் கடையைக் கட்டும்போது நீங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம்.

டிஜிட்டல் மாதிரி ஐந்து நிமிடமாகப் பத்துப் படம் எடுத்துச் சேர்த்தால்?

ஐந்து நிமிடத்தில் ஃபிலிமின் வாசலைத் தாண்டாத ஒளி பத்துப் படத்திலும் தாண்டாது. பத்துச் சுழியைக் கூட்டினாலும் சுழிதான். தாண்டிய பிறகு, ஒரே மாதிரி இரண்டு மூன்று நல்ல நெகட்டிவை ஸ்கேன் செய்து சேர்த்தால் துகள் அடங்கும். அதற்கு மட்டும்தான் அது.

ஒரு மணி நேரம் எப்படி நிற்பது?

அதுதான் உண்மையான வரம்பு. 2032 மி.மீ.இல் இரண்டு விகலை பிசகினால் ஃபிலிமில் 0.02 மி.மீ., நட்சத்திரம் முட்டையாகிவிடும். மோட்டாரை அப்படியே விட்டுவிட முடியாது. ஆஃப்-ஆக்ஸிஸ் கைடரில் (தொலைநோக்கிக்குள் வரும் ஒளியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டும் துணைக்கருவி) ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கு இழையில் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தனியாகச் சின்னக் கைடு தொலைநோக்கி வைத்தால் ஷ்மிட்-காசெக்ரெய்னின் முதன்மை ஆடி உள்ளே மெல்ல நகர்வது அதற்குத் தெரியாது.

மோட்டார் சரியாகப் பின்தொடர ஸ்டாண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்க வேண்டும். நம் ஊரில் அது சென்னையில் 13 பாகை உயரம், குமரியில் 8. பாதி நாள் மங்கலில் தெரியாது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் தொட்டிக்குப் பின்னால். நட்சத்திரம் நகர்வதைப் பார்த்து அச்சைத் திருத்தும் முறையைக் கற்றுக்கொள்ளாமல் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உங்களால் எத்தனை நிமிடம் சுத்தமாகப் பின்தொடர முடிகிறதோ அதுதான் உங்கள் எக்ஸ்போஷர் நேரம். வாய்பாடு அதற்கு அப்புறம்.

ஃபோகல் ரெட்யூசர் வாங்கலாமா?

வாங்குங்கள். குவிய நீளத்தைக் குறைக்கும் லென்ஸ் அது. எஃப்/6.3 ஆக்கினால் ஒரு மணி நேர எச்பி5 எக்ஸ்போஷர் 18 நிமிடமாகிறது. ஓரம் கொஞ்சம் இருண்டிருக்கும். நிலாவுக்கும் கிரகத்துக்கும் கழற்றிவிடுங்கள்.

கழுவக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"வெட்டாமல் சுருளாகவே கொடுங்கள்" என்று வாயால் சொல்லி, உறை மேலும் எழுதிக் கொடுங்கள். கறுப்பு வானத்தில் ஃப்ரேம் எங்கே தொடங்குகிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது. மூன்று இரவு உட்கார்ந்து எடுத்த சுருள் ஒன்றை ஒரு கடையில் கொடுத்தேன். எம்13இன் நடுவிலேயே கத்தரி ஓடியிருந்தது. அவரைச் சொல்லி என்ன, அவர் கண்ணுக்கு அது தூசி. அன்றிலிருந்து ஒவ்வொரு சுருளின் முதல் ஃப்ரேமும் மொட்டை மாடித் துணிக்கொடியைப் பகலில் எடுத்த படம்தான், அதை வைத்து மற்ற ஃப்ரேம்களை அளந்துகொள்ளலாம். பிரிண்ட் போடச் சொன்னால் இயந்திரம் வானத்தைச் சாம்பலாக்கிவிடும். நெகட்டிவை மட்டும் வாங்கி, நேரம் எழுதிய நோட்டைப் பக்கத்தில் வைத்து, நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்.